திராட்சைத் தோட்டத்துக் கூலி: உபதேசிமார்க்கும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்க்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான உபதேசிமார்களே, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களே,

வாரந்தோறும் பரலோக ராஜ்யத்தைப்பற்றிய உவமைகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிராமத்துக் கோயில் முற்றங்களிலும் நகரத்து ஆலயங்களின் பக்கத்து அறைகளிலும், சிறு பிள்ளைகளுக்கு முன்பாகவும் அவர்களைப் பெற்றவர்களுக்கு முன்பாகவும் நின்று பேசுகிற பொறுப்பு உங்களுடையது. அந்தப் பொறுப்பை உங்களிற் பெரும்பாலோர் ஊதியத்தை எதிர்பாராமல், வாரம் முழுதும் வேறு தொழில் பார்த்துக் களைத்த உடம்போடு, பக்தி ஒன்றினாலேயே சுமந்து வருகிறீர்கள் என்பதை நன்கு அறிந்தே இம்மடலை எழுதத் துணிகிறேன். குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தொடங்கவும் வழியில்லை. ஆண்டவர் சொன்ன உவமைகளை நாம் நீதிக்கதைகளாக்கிவிட்டோம். பஞ்சதந்திரக் கதையின் முடிவில் ஒரு நீதி எழுதி வைப்பதுபோல ஒவ்வோர் உவமைக்கும் ஒரு நீதியைத் தைத்து வைத்திருக்கிறோம். கடுகு விதையா, சிறிய தொடக்கத்தை அற்பமாக எண்ணாதே, தாலந்தா, சோம்பியிராதே, பத்துக் கன்னிகைகளா, ஆயத்தமாயிரு, திராட்சைத் தோட்டமா, கிடைத்ததில் திருப்தி கொள். இந்த நீதிகள் பொய்யானவை அல்ல. பொய்யாயிருந்தால் எவரேனும் எழுந்து மறுத்திருப்பார்; மறுப்பதற்குக்கூட ஒன்றும் இல்லாமையே இவற்றின் குற்றம். இவற்றை மட்டும் போதித்துக்கொண்டு கலிலேயாவைச் சுற்றிவந்த ஒரு மனிதரைப்பற்றி எருசலேமின் பிரதான ஆசாரியரோ ரோமாபுரியின் தேசாதிபதியோ ஒரு நாளாவது கவலைப்பட்டிருக்க முடியாது.

அந்த ராஜ்யத்தைப்பற்றிய பேச்சு அக்காலத்துக் கலிலேயர் காதில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை முதலில் நினைத்துப் பார்ப்பது நலம். கி.பி. 6-ஆம் ஆண்டில், யூதேயாவை ரோமர் தங்கள் நேர் ஆளுகைக்குள் கொண்டுவந்து குடிமதிப்பு எழுதத் தொடங்கியபோது, கலிலேயனாகிய யூதாஸ் என்பவன் எழும்பி, தேவன் ஒருவரே நமக்கு ராஜா, அந்நியனுக்கு வரி கொடுப்பது அவருக்குச் செய்யும் துரோகம் என்று ஜனங்களைக் கிளப்பினான். இதைச் சரித்திர ஆசிரியர் ஜோசிபஸ் எழுதி வைத்திருக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் கமாலியேலின் வாயிலாகவும் அவன் பெயரும் அவன் கூட்டத்தார் சிதறடிக்கப்பட்ட செய்தியும் நமக்கு வந்திருக்கின்றன. அப்பொழுது இயேசு நாசரேத்திலே சிறு பிள்ளை. அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் நடந்துவிடக்கூடிய தொலைவில் ஏரோது அந்திப்பா செப்போரிஸ் பட்டணத்தைப் புதுக்கிக் கட்டினான். பின்னர்ச் சக்கரவர்த்தியின் பெயரால் திபேரியாவை ஏரிக்கரையில் எழுப்பினான். கட்டடங்கள் உயர உயர, அவற்றுக்கான வரிப்பளு உழுது பிழைப்பவன் தலையில் இறங்கியது. ஷெமா என்னும் விசுவாசப் பிரமாணத்தைக் காலையும் மாலையும் சொல்வது பரலோக ராஜ்யத்தின் நுகத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதாகும் என்று ரபீமார் போதித்தார்கள். ஆகவே, தேவனுடைய ராஜ்யம் சமீபித்திருக்கிறது என்று ஒருவர் சந்தையிலும் கடற்கரையிலும் சொல்லத் தொடங்கியபோது, கேட்டவர்களில் சிலர் பட்டயத்தை நினைத்திருப்பார்கள், சிலர் தவிடுபொடியாகும் ரோமாபுரியை நினைத்திருப்பார்கள், சிலர் தங்கள் கடன் பத்திரத்தை நினைத்திருப்பார்கள். மரித்தபின் போய்ச் சேருகிற ஓர் ஊரை மட்டும் நினைத்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

இத்தகைய எதிர்பார்ப்போடு கூடிவந்த ஜனத்துக்கு அவர் இலக்கணம் ஒன்றும் வகுத்துக் கொடுக்கவில்லை. ராஜ்யம் இன்னது என்று ஒரே ஒரு வாக்கியத்தில் வரையறுத்துச் சொன்ன இடம் சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. விதைக்கப் புறப்பட்டவனையும், மா பிசைந்த ஸ்திரீயையும், வலை இழுத்தவர்களையும், கடன்பட்ட ஊழியக்காரனையும் காட்டிவிட்டு, காதுள்ளவன் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். நாமோ அவர் விட்டுவிட்ட இடத்தில் நிற்க அஞ்சி, இரண்டாயிரம் வருஷமாக ஏதேனும் ஒன்றை இட்டு நிரப்பி வருகிறோம்.

இந்த இட்டு நிரப்பும் வேலையில் மகான்களும் தப்பவில்லை. பரிசுத்த அகஸ்தீன் நல்ல சமாரியன் உவமைக்கு எழுதிய வியாக்கியானத்தில், எரிகோவுக்கு இறங்கிப் போனவன் ஆதாம், கள்ளர் பிசாசும் அவன் தூதரும், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல் என்று வரிசையாக அடையாளம் காட்டப்பட்டிருக்கிறது. படிக்க அழகாக இருக்கிறது, பக்திக்கும் குறைவில்லை. ஆனால் இயேசுவிடம் தன் பிறன் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு அந்த விடையால் ஒரு சங்கடமும் நேர்ந்திராது. அடிபட்டுக் கிடந்தவனையும் விலகிப்போன ஆசாரியனையும் மறந்துவிட்டு அவன் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பான். இவ்வகை வியாக்கியானத்தைப் பெயர்த்தெறிந்தவர் அடால்ஃப் யூலிகர் என்னும் ஜெர்மானியர். 1886-இல் அவர் வெளியிடத் தொடங்கிய பெரு நூலில், உவமை என்பது பகுதி பகுதியாகப் பொருள் பிரிக்கும் மறைபொருட் கதையன்று, அது ஒரே கருத்தைச் சுட்டி நிற்பது என்று நிறுவினார். நிறுவியவர் அதோடு நின்றிருக்கலாம். அந்த ஒரே கருத்து எங்கும் எவர்க்கும் பொருந்தும் ஒரு பொது அறவுண்மையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். நம்முடைய ஓய்வுநாள் பாடசாலை வழக்கத்துக்கு இவ்விதமாக ஒரு பல்கலைக்கழகத்து அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. 1935-இல் சி. எச். டாட் என்னும் வேல்ஸ் நாட்டு அறிஞர், உவமைகள் பேசுவது பொது அறத்தைப்பற்றி அன்று, இயேசுவின் ஊழியத்திலேயே ராஜ்யம் வந்து நுழைந்துவிட்டது என்னும் நெருக்கடியைப்பற்றி என்று எழுதினார். எதிர்காலத்துக்கு அவர் ஒன்றும் மீதி வைக்கவில்லை என்பது குறை. 1947-இல் ஜோவாக்கிம் எரேமியாஸ் என்பவர், சிறுவயதில் எருசலேமிலேயே வாழ்ந்தவராதலால் அந்நாட்டு மண்ணையும் வழக்கத்தையும் கண்ணால் கண்டவர், அக்குறையை நீக்கி, நிறைவேறிக்கொண்டே வருகிற ராஜ்யம் என்று பேசினார். எனக்குத் தெரிந்தவரை இவர் சொல்வதே நேர். பண்டிதர்களைப்பற்றி இவ்வளவு போதும்.

உவமைகளுக்குள்ளேயே போவோம். கடுகு விதையைச் சிறியதிலிருந்து பெரியது விளையும் என்பதற்குத் திருஷ்டாந்தமாகக் காட்டுவது எளிது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழி நம் கையில் தயாராக இருப்பதால் நமக்கு அது மேலும் எளிது. ஆனால் பெரிய ராஜ்யத்துக்கு மரத்தை உவமையாகச் சொல்வதில் யூதருக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. எசேக்கியேல் தீர்க்கதரிசி இஸ்ரவேலின் மேலான மலையில் நடப்படும் கேதுருவையும் அதன் கிளைகளின் நிழலில் தங்கும் சகலவிதப் பறவைகளையும் பாடினார். தானியேலின் புத்தகத்தில் நேபுகாத்நேச்சாரின் வல்லமை வானத்தை எட்டிய ஒரு விருட்சமாகத் தோன்றுகிறது. ஆகவே ராஜ்யத்தின் மரம் என்றதும் ஜனங்கள் அண்ணாந்து கேதுருவைத் தேடியிருப்பார்கள். அவர் காட்டியதோ ஒரு வருஷத்தில் முளைத்து, பூத்து, காய்ந்துபோகிற ஒரு பூண்டு. கலிலேயாக் கடலருகே அது நம் சமையலறைக் கடுகின் செடியைப் போலன்றி மனிதன் தலைக்கு மேலும் வளரும் என்பது உண்மை. எனினும் அது கேதுரு ஆகாது. தோட்டத்துப் பாத்தியில் கடுகு விதைக்கலாகாது என்று யூத ரபீமாரின் பிரமாணத் தொகுப்பாகிய மிஷ்னா விதிக்கிறது. ஒருமுறை விதைத்த இடத்தில் அதை ஒழிப்பது கடினம், விழுந்த விதை உடனே முளைத்துவிடும் என்று ரோம நாட்டுப் பிளினியும் எழுதுகிறார். எவரும் கேளாமலே பரவி, ஒழுங்கான பாத்திகளைக் கலைத்துவிடுகிற ஒரு பூண்டின் கிளையில் ஆகாயத்துப் பறவைகள் வந்தடைகின்றன. ராஜ கெம்பீரத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது ஏறக்குறைய ஒரு பரிகாசம். கெம்பீரமான ஆலயங்களைக் கட்டி அவற்றின் கோபுரங்களை ராஜ்யத்தின் அடையாளமாகக் காண விரும்புகிற நமக்கும் அது அப்படியே.

புளித்த மாவின் உவமையும் இவ்வாறே. பஸ்கா வரும்போது வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தேடி அகற்ற வேண்டிய பொருள் புளித்த மா. பவுலும் துர்க்குணத்துக்கு அதையே உவமையாக்குகிறார். அதை இயேசு தேவனுடைய ராஜ்யத்துக்கு ஒப்பிடுகிறார். அதைக் கையாள்பவளாக ஒரு ஸ்திரீயை நிறுத்துகிறார். அவள் அதை மாவுக்குள் ஒளித்து வைத்தாள் என்கிறார். மாவின் அளவோ ஒரு குடும்பத்துக்கு உரியதன்று. மூன்று அளவு என்பது ஏறக்குறைய 40 லிட்டர். நூறு பேர் உண்ணத்தக்க அப்பம் அதில் சுடலாம். மம்ரேயின் சமபூமியில் ஆபிரகாமிடம் வந்த மூன்று விருந்தினருக்காகச் சாராள் பிசைந்த மாவும் அதே மூன்று அளவுதான் என்பதைக் கேட்டவர்களில் வேதம் அறிந்தோர் உடனே நினைத்திருப்பார்கள். தேவன் விருந்தாளியாய் வந்த நாளில் பிசைந்த அளவை, பெயரில்லாத ஒரு கிராமத்துப் பெண் சாதாரணமான ஒரு நாளில் பிசைகிறாள். பந்திக்கு யார் வரப்போகிறார்கள் என்று உவமை சொல்லவில்லை. நாமும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

தானாய் வளரும் விதையைப்பற்றி மாற்கு ஒருவரே எழுதியிருக்கிறார். விதைத்தவன் தூங்கி எழுகிறான், அது எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாது. எண்ணிக்கையும் அறிக்கையும் நிரம்பிய நம் ஊழிய வாழ்க்கையில் இவ்வுவமையைப் பிரசங்கிப்பவர் அரிதாயிருப்பதில் ஆச்சரியமில்லை.

கடன்பட்ட ஊழியக்காரன் உவமையிலோ தொகைகளைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். நாம் பதினாயிரம் தாலந்து என்பதைப் பெரிய தொகை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஒரு தாலந்து என்பது 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாட்சம்பளம். அப்படியானால் அவன் பட்ட கடன் ஆறு கோடி நாட்களின் கூலி. ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து வருஷத்துக்கு 200 தாலந்து வருமானம் தந்தன என்று ஜோசிபஸ் கணக்கெழுதியிருப்பதால், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் மாகாணம் முழுவதும் ஐம்பது வருஷம் கட்டும் வரியை ஒரே மனிதன் கடன்பட்டிருந்தான் என்று புரிந்துகொண்டு சிரித்திருப்பார்கள். அந்த மனிதன் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்று சொல்கிற இடத்தில் அச்சிரிப்பு இன்னும் பெருகியிருக்கும். ராஜா அதைக் கணக்குப் பார்க்காமல் தள்ளிவிடுகிறான். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். முதற் கடனில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு அது. ஆயினும் நூறு நாட்கூலி என்பது ஏழைக்கு விளையாட்டுத் தொகை அன்று, உண்மையான கடன். அதனால்தான் உவமை கடிக்கிறது. நமக்குப் பிறர் செய்த தீங்கை ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. மெய்யான கடனைத்தான் விடச் சொல்கிறார். கடனைப்பற்றிய இவ்வுவமையை மனத்தாங்கலைப்பற்றியது என்று மட்டும் சுருக்கிக்கொண்டு, வட்டிக்குக் கொடுத்தவர் முன்வரிசையிலும் வாங்கியவர் பின்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிற நம் சபைகளில் ஒருவர் முகமும் கோணாதபடி பிரசங்கித்துவிடுவதில் நாம் தேர்ந்தவர்கள்.

இனி, இம்மடலுக்குக் காரணமான உவமைக்கு வருகிறேன். திராட்சைத் தோட்டத்து எஜமான் விடியற்காலையில் புறப்படுகிறான். வீட்டில் காரியக்காரன் இருந்தும் தானே சந்தைக்குப் போகிறான். முதலில் கிடைத்தவர்களோடு நாளுக்கு ஒரு பணம் என்று பேசி முடிக்கிறான். மூன்றாம் மணி வேளையில் போகிறான், ஆறாம் மணியிலும் ஒன்பதாம் மணியிலும் போகிறான். இவர்களோடு தொகை பேசவில்லை, நியாயமானதைத் தருவேன் என்கிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில், பதினோராம் மணியில், மறுபடியும் போகிறான். அங்கே நிற்பவர்களை, ஏன் பகல் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். அந்திவேளை ஆனதும் கூலி கொடுக்கச் சொல்கிறான். கூலியாளின் சம்பளம் பொழுது விழுமுன் அவன் கையில் இருக்க வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். ஆனால் பிந்தினவர்கள் தொடங்கி முந்தினவர்கள் வரைக்கும் கொடு என்கிறான். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. முந்தினவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் பேசின பணத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாய்ப் போயிருப்பார்கள். ஒரு முறுமுறுப்பும் எழுந்திராது. எஜமான் வேண்டுமென்றே அவர்களை நிறுத்தி வைத்துப் பார்க்கச் செய்கிறான். ஒரு மணி நேரம் வேலை செய்தவன் கையில் முழுப் பணம் விழுவதை அவர்கள் பார்க்கிறார்கள். மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்கள். தங்கள் முறை வந்தபோது அதே ஒரு பணம். அவர்கள் முறையிடுவது என்ன என்பதைக் கவனியுங்கள். எங்களுக்குக் குறைத்தீர் என்பது அன்று முறையீடு. இவர்களை எங்களுக்குச் சமமாக்கினீர் என்பதே முறையீடு.

எருசலேம் தல்மூதில் இதையொத்த ஒரு கதை இருக்கிறது. ரபீ பூன் பார் கீயா என்பவர் இருபத்தெட்டு வயதிலேயே மரித்தபோது, ரபீ செய்ரா அவருக்கு இரங்கல் உரை நிகழ்த்துகையில் அதைச் சொன்னார். ஒரு ராஜா கூலியாட்களை அமர்த்தினான். அவர்களில் ஒருவன் மிகத் திறமையாய் வேலை செய்வதைக் கண்டு, அவனை அழைத்துக்கொண்டு உலாவப் போனான். மாலையில் அவனுக்கும் மற்றவர்களோடு முழுக்கூலி கொடுத்தான். மற்றவர்கள் முறையிட்டபோது, நீங்கள் பகல் முழுதும் செய்ததைவிட இவன் இரண்டு மணி நேரத்தில் அதிகம் செய்தான் என்று பதில் சொன்னான். அழகிய கதை, இளமையில் மரித்த ஒரு சான்றோனுக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி கிடையாது. இயேசுவின் உவமையோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவர் எதை நீக்கிவிட்டார் என்பது தெரியும். அங்கே பிந்தினவனுக்குத் திறமை இருந்தது. இங்கே அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. எஜமான் காட்டும் ஒரே காரணம் தான் நல்லவனாயிருப்பது. சந்தையில் எவனும் கேட்காமல் நின்றவனுக்கும் அன்றிரவு வீட்டில் அடுப்பு எரிய ஒரு பணம் வேண்டும். அரைப்பணத்துக்கு அரைக்குடும்பம் உண்ண முடியாது.

ஓர் ஓய்வுநாள் பாடசாலையில் இவ்வுவமையை ஆசிரியர் ஒருவர் கற்பிக்க நான் கேட்டிருக்கிறேன். பிந்தி வந்தவர்கள் சோம்பேறிகள் என்றும், அவர்களுக்கும் ஆண்டவர் இரங்கினார் என்றும் அவர் விளக்கினார். வயற்காட்டில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு தாயின் மகள் எழுந்து, சார், அவங்க தூங்கலையே, கூப்பிட ஆள் வரலைன்னுதானே சொன்னாங்க என்றாள். ஆசிரியர் சற்றுத் தயங்கி, அது முக்கியமில்லை, உட்கார் என்றார். முக்கியம் அதுதான். உவமையில் தெளிவாக எழுதியிருக்கிற ஒரு பதிலைப் படித்தவர் தவறவிட்டார். வேலை கிடைக்காத நாளின் மாலை எப்படியிருக்கும் என்று வீட்டில் கண்டிருந்த பிள்ளை அதைத் தவறவிடவில்லை.

இவ்வுவமை கோயில் சுவர்களுக்கு வெளியே என்ன செய்தது என்பதும் நமக்கு வெட்கம் தரத்தக்கது. ஜான் ரஸ்கின் 1860-இல் அரசியற் பொருளாதாரத்தைக் கண்டித்து நான்கு கட்டுரைகள் எழுதி, 1862-இல் அவற்றை நூலாக்கியபோது, பிந்தினவனுக்கும் உனக்குக் கொடுத்ததுபோலவே கொடுப்பது என் இஷ்டம் என்று இந்த எஜமான் சொன்னதிலிருந்தே அதன் பெயரை எடுத்தார். 1904-இல் தென்னாப்பிரிக்காவில் போலக் என்னும் நண்பர் ஜோகன்னஸ்பர்க் ரயிலடியில் அந்நூலை மோகன்தாஸ் காந்தியின் கையில் கொடுத்தார். தர்பனுக்குப் போகும் வழி முழுதும் அதைப் படித்த அவருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. வக்கீலின் உழைப்புக்கும் நாவிதனின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்று அதிலிருந்து கற்றுக்கொண்டு தம் வாழ்க்கையையே மாற்றி அமைத்தார். பீனிக்ஸ் பண்ணை அதன் பலன். சர்வோதயம் என்பது அந்நூலைத் தழுவி அவர் குஜராத்தியில் எழுதியதற்கு இட்ட பெயர். நம் சபையில் ஞானஸ்நானம் பெறாத ஒருவர், ஓர் உவமையின் பெயரைத் தாங்கிய நூலைப் படித்துவிட்டு, மறுநாள் காலையில் தம் நடையை மாற்றிக்கொண்டார். நாம் உவமையையே வருஷம் ஒருமுறை படிக்கிறோம்; கூலிக்காரருக்கும் சங்கக் கணக்குப்பிள்ளைக்கும் இடையே நம் நடை மாறினதாகத் தெரியவில்லை.

இது ராஜ்யத்தைச் சம்பளத் திட்டமாக்குவதாகாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள், கேட்பது நியாயமே. தேவனுடைய ராஜ்யம் எந்தக் கட்சியின் வேலைத்திட்டமும் அன்று. எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று சட்டம் இயற்றிவிட்டால் அது வந்துவிடாது. மறுநாள் காலையில் யார் வேலைக்கு வருவார்கள் என்ற கேள்விக்கு அந்த எஜமான் பதில் சொல்லவில்லை. ஆனால் ராஜ்யம் ஆத்துமாவுக்கு மாத்திரம் உரியது, கூலிக்கும் கடனுக்கும் அப்பத்துக்கும் அதனோடு சம்பந்தமில்லை என்று சொல்வதானால், இந்த உவமைகளையெல்லாம் அவர் ஏன் கூலியையும் கடனையும் அப்பத்தையும் கொண்டே கட்டினார் என்பதற்கு நாம் காரணம் காட்ட வேண்டும்.

நியாயத்தீர்ப்பு எங்கே என்றும் கேட்பீர்கள். இருக்கிறது, அதை மறைப்பவன் உண்மையுள்ள உபதேசி அல்லன். வலையில் அகப்பட்ட மீன்கள் பிரிக்கப்படுகின்றன, கதவு அடைக்கப்படுகிறது, களைகள் கட்டுக்கட்டாகக் கட்டப்படுகின்றன. ஆனால் பிரிக்கிறவர்கள் நாம் அல்லோம். களைகளின் உவமையில் சொல்லப்படும் பூண்டு, கதிர் வரும்வரைக்கும் கோதுமையைப் போலவே தோன்றும். வேர்களும் பின்னிக் கிடக்கும். பிடுங்கிப் போடட்டுமா என்று ஊழியக்காரர் ஆத்திரப்படுகிறார்கள். எஜமான் அறுப்புவரைக்கும் இரண்டையும் வளரவிடு என்கிறான். சீஷர்கள் கேட்டபோது தரப்பட்ட விளக்கத்தில் நிலமும் விதையும் அறுக்கிறவர்களும் இன்னார் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஊழியக்காரர் யார் என்று மாத்திரம் சொல்லப்படவில்லை. சொல்லாமலே நமக்குத் தெரியும். மதபேதகரைக் கொல்லலாகாது என்பதற்குப் பரிசுத்த கிறிசோஸ்தம் இவ்வுவமையைக் காட்டினார். மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1644-இல் ரோஜர் வில்லியம்ஸ் எழுதிய நூலிலும் இதுவே பெரிய ஆதாரம். சபைத் தேர்தலில் கட்சி கட்டி, நீதிமன்றங்களில் வழக்காடி, மறுதரப்பாரைக் களைகள் என்று மேடையிலிருந்து சாடைபேசுகிற நம்முடைய வழக்கத்துக்கு அந்த ஆதாரம் எட்டவில்லை. கடைசி நாளில் செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் பிரிக்கப்படும் காட்சியிலோ, இருபுறத்தாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: உம்மை எப்பொழுது கண்டோம்? தாங்கள் இன்ன பக்கம் என்று முன்கூட்டி அறிந்திருந்தவர் ஒருவரும் அங்கே இல்லை.

ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியம் அன்று. லூக்கா எழுதிய இளைய குமாரன் உவமையில், தகப்பன் வெளியே வந்து மூத்தவனை வருந்தி அழைப்பதோடு கதை நின்றுவிடுகிறது. அவன் உள்ளே போனானா இல்லையா என்று எழுதப்படவில்லை. திராட்சைத் தோட்டத்து உவமையில் எஜமானுடைய கேள்வி கூலியாளின் முன் நிற்கிறது; அவன் பதில் சொன்னதாக இல்லை. ஆண்டவர் முடிக்காமல் விட்டதை நாமும் முடிக்காமல் விடப் பழகுவோம். அடுத்த முறை இவ்வுவமை உங்கள் பாடமாக வரும்போது, பாடப்புத்தகத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் நீதியைப் படிக்காமல் மூடிவிடுங்கள். பிந்தினவர்கள் ஏன் நின்றார்கள், முந்தினவர்கள் எதற்காகக் கோபித்தார்கள், நீங்கள் அங்கே இருந்தால் எந்த வரிசையில் நின்றிருப்பீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் ஒருவரோடொருவர் தர்க்கிக்கட்டும்; எஜமான் செய்தது அநியாயம் என்று ஒரு பிள்ளை சொன்னால் கண்டிக்காதீர்கள், அன்று தோட்டத்தில் நின்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளை வாய் திறந்தால், மணி அடித்துவிட்டது என்று நிறுத்தாமல், அது பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் உடன் ஊழியன்